கழற்றிவைத்த கைப்பிடி

கூரை ஓட்டை வழியே இறங்கும் மத்தியான வெயில் தகரத்தில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. வாளிக்குத் தகரம் வளைக்கும் இரட்டை உருளைக்குத் தம்பி இன்றுதான் மோட்டார் பொருத்தியிருக்கிறான். பழைய வாஷிங் மெஷினிலிருந்து கழற்றியது. இத்தனை வருஷமும் அதைக் கையால் சுற்றியவள் அக்கா. கழற்றிய கைப்பிடி இப்போது அவள் கையில், எண்ணெய்ப் பிசுக்கோடு. "உன் தோள்வலிக்காகத்தான் இவ்வளவு பாடும். நீ என்னடான்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறே." "என் மூஞ்சிய விடு, தகரத்தப் பாரு." அவன் சுவிட்சைத் தட்டுகிறான். பெல்ட் கிறீச்சிடுகிறது, மேசை அதிர்கிறது, ஒரு திருகாணி நகர்ந்து நகர்ந்து மேசை ஓரத்துக்கு வருகிறது. அவளுக்குப் பழக்கதோஷம், கைப்பிடியைக் காற்றிலேயே சுற்ற ஆரம்பித்துவிடுகிறாள். அவன் தள்ளும் தகரம் உருளைகளுக்கு நடுவே சரசரவென்று நுழைகிறது. "பாத்தியா, வெண்ணெயாட்டம் போகுது!" என்று அவள் பக்கம் திரும்பிச் சிரிக்கிறான். அவன் விரல்கள் இன்னும் தகரத்தை விடவில்லை. அவை உருளையை நெருங்கும்போதெல்லாம், அவன் சொல்லாமலே நின்றுவிடுகிற கை அவளுடையது. இப்போதும் சட்டென்று நின்றுவிடுகிறது. உருளை நிற்கவில்லை.