சந்துக்குள் வராத கார்

தனசீலன் வரைபடத்தைத் தரையில் விரித்தான்.

"மேசை மேல வை" என்றேன்.

வைத்தான். ஏன் என்று கேட்கவில்லை. பாலிடெக்னிக்கில் என்னிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அவ்வளவு மரியாதை.

தாராவியில் என் வாப்பாவின் தோல் பட்டறை அது. எண்பத்தேழாம் வருடக் கல்லூரி விழாவில் முதல்முறையாக ரோபோ போட்டி வைத்திருந்தார்கள். எங்கள் அணிக்குத் தனசீலன் கேப்டன்; சிராஜும் நானும் மற்ற இருவர். குர்லா பழைய இரும்புக் கடையில் சிராஜ் பொறுக்கி வந்த லாரி வைப்பர் மோட்டார்கள் இரண்டும் மேசைமேல் கிடந்தன. எதை வைத்து ஓட்டுவது, எப்படித் திருப்புவது என்று அன்று முடிவு செய்தாக வேண்டும்.

தனசீலன் வரைந்திருந்தது ஒரு குட்டிக் கார். ஓட்ட ஒரு மோட்டார், ஸ்டியரிங்குக்கு ஒரு மோட்டார்.

"போட்டிப் பாதை முட்டுச்சந்துல முடியுது. அங்க இருக்க டப்பாவ எடுத்துட்டுத் திரும்பணும். இது எப்படித் திரும்பும்?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் ரிவர்ஸ், கொஞ்சம் முன்னால. எல்லா வண்டியும் அப்படித்தான திரும்புது?"

"ஸ்டியரிங்கே வேண்டாம். ஆளுக்கொரு சக்கரம்னு ரெண்டு மோட்டாருக்கும் குடு. ஒண்ணு முன்னால போகட்டும், ஒண்ணு பின்னால. நின்ன இடத்துலயே திரும்பிரும்."

சிராஜ் சிரித்தான். "அரே சைனப், கார் என்ன அப்படியா ஓடுது?"

"அதான் ஒரு கார்கூட எங்க சந்துக்குள்ள வரல."

தனசீலன் வரைபடத்தைச் சுருட்டினான். பிறகு மெதுவான குரலில் சொன்னான். "சரி, உன் டிசைனே இருக்கட்டும். ரிமோட் பெட்டிய சிராஜ் பிடிக்கட்டும். போட்டி மேடையில நடக்கு. உனக்கு எதுக்கு வீண் சிரமம்?"

அந்தக் குரல் எனக்குப் பழக்கம். பள்ளி ஆண்டு விழாவிலும் கேட்டிருக்கிறேன், லோனாவ்லா சுற்றுலாவின்போதும் கேட்டிருக்கிறேன். என்னை யாரும் எதிலும் தடுத்ததில்லை. எனக்குச் சிரமம் வராமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

"பெட்டி என் கையில இருந்தாத்தான் டிசைன் உங்களுக்கு. இல்லன்னா காரையே ஓட்டுங்க."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?" என்றான் சிராஜ்.

நேரான கேள்வி. எனக்குப் பிடித்திருந்தது.

மேசைக்கும் தோல் கட்டுகளுக்கும் நடுவே ஒரு ஆள் ஒதுங்கிப் போகும் அளவுக்குத்தான் இடம். வலது கையால் முன்னே தள்ளினேன். அதே நொடியில் இடது கையால் பின்னே இழுத்தேன். பட்டறை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மறுபடி அவர்கள் முகத்தில் வந்து நின்றது. என் துப்பட்டா நுனிகூட எதிலும் உரசவில்லை.

தனசீலனின் பார்வை வழக்கம்போல் என் முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு கீழே இறங்கியது. முதல் வருடத்திலிருந்து அவன் பார்க்காமலே இருக்கப் பழகியிருந்த என் நாற்காலியின் இரண்டு பெரிய சக்கரங்களைப் பார்த்தான். முன்னால் இருந்த சின்னச் சக்கரங்களையும் பார்த்தான்.

டேப்பை எடுத்துக்கொண்டு என் முன்னால் மண்டியிட்டான்.

"அசையாம இரு" என்று சொல்லி, இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம்வரை அளந்தான்.

"நல்லா அளந்துக்க" என்றேன். "நான் மேடை ஏறப் போடுற சாய்வுப் பலகையும் இந்த அகலம் இருக்கணும்."