கொலைகாரன் பெயரைச் சொல்லாதீர்கள்

பல் டாக்டரம்மாவின் சாய்வு நாற்காலியில் பஸ் டிரைவர் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறார். மேலே விளக்கின் வெளிச்சத்தில் கண் கூசுகிறது. கடவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்பதால் காலையிலிருந்தே பயம். அந்தப் பயத்தை மறக்கத்தான் வெளியே நர்ஸிடம் தனக்குப் பிடித்த துப்பறியும் தொடரைப் பற்றி ஓயாமல் அளந்தார். கடைசி சீசனில் கடைசி எபிசோடு மட்டும் பாக்கி. இன்று சாயங்காலம் மனைவியோடு பார்க்க வேண்டும். "கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு" என்று டாக்டரம்மா குறடும் கையுமாக ஆரம்பிக்கிறார். "ஊ... ஊ..." என்கிறார் டிரைவர். மரத்துப்போன நாக்கு புரளவில்லை. "நம்ம இன்ஸ்பெக்டர் கூடவே ஒருத்தர் திரிவாரே, அவரு..." எச்சில் உறிஞ்சும் குழாய் கொரகொரக்கிறது. டிரைவரின் வலது கால், இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிக்கிறது. தட்டில் ணங்கென்று ஏதோ விழுகிறது. "பல்லு வந்துடுச்சு. பஞ்சை நல்லாக் கடிச்சுக்கோங்க." நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் சொல்கிறாள்: "பயப்படாதீங்கண்ணே, டாக்டர் அதுல ஒரு எபிசோடுகூடப் பாத்ததில்லை. நீங்க பல்லை மறக்கட்டும்னு, வெளியே நீங்க சொன்னதை நான்தான் அவங்ககிட்ட சொன்னேன்." டிரைவர் பஞ்சைக் கடித்தபடி கண்ணை மூடுகிறார். பிரேக்கிலிருந்து கால் மெல்ல மேலே எழும்புகிறது.