சராசரி

"ஆடின ஆட்டம் அத்தனையும் ஜெயிச்ச டீமை வெளியே நிறுத்திட்டு, மூணு ஆட்டம் தோத்த டீமை உள்ளே எடுத்திருக்கீங்க. இது எந்த ஊர் நியாயம் சார்?"

மூக்கையா மேசைக்கு முன்னால் வந்து நின்று கேட்டான்.

ஸ்தனிஸ்லாஸ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். திண்டுக்கல்லில் தை மாதம் நடக்கப்போகும் கல்லூரி ஹாக்கிப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுத்த கமிட்டிக்கு அவர்தான் செயலாளர். ஊரின் பெரிய கல்லூரியில் விளையாட்டு ஆசிரியரும் அவர்தான். எட்டு டீமுக்குத்தான் இடம். எட்டாவது இடம் அவருடைய கல்லூரிக்கே போயிருந்தது. மூக்கையா கேப்டனாக இருந்த சின்னக் கல்லூரி ஒன்பதாவது.

"உக்காரு தம்பி."

"நிக்கிறேன் சார்."

"எத்தனை ஜெயிச்சேன்னு மட்டும் பார்த்தா, நோஞ்சான் டீமாத் தேடிப் போய் அடிச்சிட்டு வாரவன்தான் முதல்ல நிப்பான். அதான் ஆரம்பத்துலயே சொல்லிட்டோம். பெரிய டீமை ஜெயிச்சா அஞ்சு மார்க். உங்களை மாதிரி நடுத்தரத்துக்கு மூணு. கத்துக்குட்டி டீமுக்கு ஒண்ணு. தோத்தா ஒண்ணுமில்லை. மொத்தத்தை ஆடின ஆட்டத்தால வகுத்தா சராசரி. எல்லாக் காலேஜுக்கும் ஒரே கணக்கு."

"எங்க சராசரி மூணு சார்."

"எங்களுது அதுக்குக் கொஞ்சம் மேலே. நீங்க ஒரு பெரிய டீமைக்கூட ஜெயிக்கலையேப்பா."

"ஆட விட்டாத்தானே ஜெயிக்கிறதுக்கு! உங்க டீமோட ஒரு ஆட்டம் கேட்டு இதே வாசலுக்கு எத்தனை நடை நடந்தேன்? 'உங்களை ஜெயிச்சாலும் எங்க சராசரி இறங்கும்'னு நீங்கதானே சார் திருப்பி அனுப்புனீங்க?"

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அது எங்க டீமுக்காக நான் பார்த்தது. இது கமிட்டி முடிவு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே."

"ரயில்வேக்காரங்க இந்தப் போட்டிக்குத்தான் ஆள் எடுக்க வாராங்க. எனக்கும் பொம்மையனுக்கும் இது கடைசி வருஷம் சார்."

"தெரியும். வருத்தமாத்தான் இருக்கு."

சார் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார். அதற்கு மேல் மூக்கையாவால் அங்கே நிற்க முடியவில்லை.

வெளியே கோல்கீப்பர் பொம்மையன் காத்திருந்தான். கேப்டன் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. மழை பொய்த்து, கத்தரித் தோட்டம் கருகி, இந்த ஒரு வேலையை நம்பித்தான் அவன் வீடு உட்கார்ந்திருந்தது.

"அம்மாகிட்ட வேலை கிடைச்ச மாதிரியே சொல்லி வச்சுட்டேன்டா" என்றான். அப்புறம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

சாயங்காலம் மைதானத்துக்கு எல்லோரும் வந்தார்கள். யாரும் ஸ்டிக்கைத் தொடவில்லை. ஆளுக்கொரு பக்கம் புழுதியில் உட்கார்ந்திருந்தார்கள்.

மூக்கையா புழுதியை அள்ளி வீசினான்.

"பெரிய டீம்காரன் நம்மளோட ஆட மாட்டான். ஆடாமலே, உனக்குப் பலம் பத்தாதுன்னு சொல்லுவான். கேட்டா ஒரே கணக்காம்! சின்னவன் எப்பத்தான்டா மேலே ஏறுறது?"

பொம்மையன் மூக்கை உறிஞ்சினான்.

அப்போதுதான் ஒரு சைக்கிள் மைதானத்துக்குள் வந்தது. வேர்த்து விறுவிறுத்து இறங்கியவன், சைக்கிளை நிறுத்திவிட்டு நேரே மூக்கையாவிடம் வந்தான். எங்கேயோ பார்த்த முகம். சட்டென்று பிடிபடவில்லை.

"அண்ணே, கேள்விப்பட்டேன். மனசே ஆறலை. இம்புட்டு நல்ல டீமை எப்படிண்ணே விட்டாங்க?"

"நீ யாருப்பா?"

"ஒச்சப்பன்னு பேருண்ணே. வேடசந்தூர்ப் பக்கம் புதுசா ஆரம்பிச்ச காலேஜ். அங்க நான்தான் கேப்டன். தீபாவளிக்கு முந்தி உங்க ஹாஸ்டலுக்கு வந்தேனே, ஒரு ஆட்டம் கேட்டு. அப்புறம் கார்த்திகையிலயும் வந்தேன்."

மூக்கையாவுக்கு நினைவு வந்தது. பொம்மையன் முகத்திலிருந்து துண்டை எடுத்தான்.

"எங்களைக் கத்துக்குட்டி டீம்னு போட்டிருக்காங்க. உங்க மாதிரி டீமோட ஆடினாத்தான் எங்களுக்கும் மார்க் ஏறும்னு சொன்னேன். நீங்கதான், 'உங்களோட ஆடினா எங்க சராசரி இறங்கிரும், போயிட்டு வா'ன்னுட்டீங்க. அது நியாயந்தாண்ணே. நீங்களும் உங்க டீமைப் பார்க்கணும்ல."

அவன் முகத்தில் கிண்டல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மூக்கையா தலையைக் குனிந்துகொண்டான்.

ஒச்சப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டான்:

"இனிமே உங்களுக்கு இறங்கறதுக்கு ஒண்ணும் இல்லையேண்ணே... இப்பவாச்சும் எங்களோட ஒரு ஆட்டம் ஆடுவீங்களா?"