காவேரியின் நாலு ஸ்பூன்

“இதுல கொலஸ்ட்ரால் சுத்தமா கெடையாது, வைட்டமின் ஈ நெறைய இருக்கு. இனிமே நம்ம வூட்ல திராட்சை விதை எண்ணெய்தான்!” பாட்டிலை அடுப்பு மேடையில் ‘டங்’கென்று வைத்தாள் காவேரி.

“கடலெண்ணெய்லயும்தான் கொலஸ்ட்ரால் கெடையாது,” என்றான் அவள் புருஷன் திம்மராயன்.

“அப்ப உங்க ரத்தத்துல எங்கிருந்து வந்துச்சாம்? ஒன்றரை மாசத்துல கொறையலன்னா மாத்திரைன்னு டாக்டர் சொன்னாரில்ல? நான் கொறச்சுக் காட்டறேன் பாருங்க!”

ஓசூர் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து குருபரப்பள்ளிக்கு வந்ததும் அவனுக்குப் போண்டா வேண்டும். காவேரி அசையவில்லை. கடலெண்ணெய்க் கேனைச் சாய்த்துக் கண்ணளவில் ஊற்றியே பழகியவள், இது விலை கூடின எண்ணெயாயிற்றே என்று டீஸ்பூனால் அளந்தாள். மொத்தக் குடும்பத்துக்கும் நாளைக்கு நாலே ஸ்பூன்.

ஒன்றரை மாதம் கழித்து, கிருஷ்ணகிரியில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். “நல்லா கொறைஞ்சிருக்கே! மாத்திரை இப்ப வேணாம்.”

“பாத்தீங்களா, திராட்சை விதையோட மகிமைய!” வெளியே வந்த காவேரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

திம்மராயன் தலையைச் சொறிந்தான். “திட்டக் கூடாது காவேரி. அந்த எண்ணெய மொத நாளே கை தவறிக் கொட்டிட்டேன். உனக்குப் பயந்துக்கிட்டு, நம்ம கேன்ல இருந்த ரீஃபைண்ட் கடலெண்ணெயத்தான் அந்த பாட்டில்ல ஊத்தி வெச்சேன்.”

காவேரி முறைத்தாள். பிறகு சொன்னாள்: “சரி, கேனே இருக்கட்டும். ஆனா ஸ்பூன் என் கையவிட்டு எறங்காது. போண்டாவும் கெடையாது!”

அப்போ குறைத்தது எந்த எண்ணெயும் இல்லை, காவேரியின் பிடிவாதம்தானே? நீங்க என்னங்க சொல்றீங்க?