ஏழு தலைமுறைக் கம்பளம்

"ரெண்டு செவப்பு, ஒரு நீலம், தொப்பியில செத்த கிளிய வச்சுக்கிட்டு ஒருத்தி வர்றா, மூணு பச்ச" என்று நன்ஹே ராகம் போட்டு இழுத்தான்.

தறியில் உட்கார்ந்திருந்த ஜும்மன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "ஆச்சு" என்று அதே ராகத்தில் பதில் பாடி முடிச்சைப் போட்டான்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற லண்டன் ஆண்கள் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார்கள். கிளித் தொப்பிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கம்பளம் நெய்வது இப்படித்தான். ஒருவன் தாளைப் பார்த்து வண்ணம் கூவுவான், மற்றவன் முடிச்சுப் போடுவான். அதைப் புராதனப் பிரார்த்தனை என்று இந்த ஊருக்கு யார் சொல்லிவைத்தார்களோ. நன்ஹே சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.

அவன் தலைக்கு மேலே ஒரு பலகை. ஏழு தலைமுறையாக நெசவு என்று அதில் எழுதியிருந்தது. கண்காட்சியின் விளக்கக்காரன், நேற்று மீசை முளைத்த ஒரு துரை, அதைப் படித்துவிட்டு ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஏழு விரலைக் காட்டுவான்.

நமக்குள் இருக்கட்டும், நன்ஹேயின் ஏழு தலைமுறையும் கையில் பிடித்தது சவரக் கத்தி. தாடி மழித்துக்கொண்டே ஊர்வம்பு பேசிப் பழகிய வாய், வண்ணத்தை மட்டும் கூவு என்றால் கேட்குமா?

ஆனால் வாயைக் கட்ட வேண்டிய ஆறு மாதம் அது. கப்பலேறும்போதே சொல்லியிருந்தார்கள். புகார் ஒன்றும் இல்லாமல் கண்காட்சி முடிந்தால் நேராக வீட்டுக்குப் போகலாம். ஒரே ஒரு புகார் வந்தாலும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும்.

வீட்டில் ஆறு வயதில் ஒரு மகள். இன்னும் அவன் முகம் பார்க்காத மகள்.

ஐந்து மாதம் சமாளித்தாயிற்று.

அன்று மதியம்தான் அந்தக் கிழத் துரை வந்து நின்றார். எல்லாரும் தொப்பியைக் கழற்ற, அவர் மட்டும் கைத்தடியில் இரண்டு கையையும் ஊன்றி, காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

பக்கத்தில் இருந்த அம்மாளைக் கொழுத்த எருமை என்று நன்ஹே பாடியபோது கிழவரின் மீசை அசைந்தது.

சிரித்தாரா? தும்மல் வந்ததா?

இந்த ஊரில் நம் பேச்சு எவனுக்குத் தெரியும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். தேறவில்லை. சோதித்துவிடலாம் என்று தோன்றியது.

"நாலு வெள்ள, ஒரு மஞ்ச, கெழவனோட பூட்ஸ் கயிறு அவுந்து தொங்குது, ரெண்டு கறுப்பு."

கிழவர் குனிந்து காலைப் பார்த்தார்.

ஆனால் கிழவரின் காலடியில் ஏதோ ஒரு குழந்தை தின்றுவிட்டுப் போட்ட ரொட்டித் துண்டும் கிடந்தது. பார்த்தது பூட்ஸையா, ரொட்டியையா? நிமிர்ந்தவர் பார்ப்பது தன்னையா, தலைக்கு மேலே உள்ள பலகையையா?

அதற்குள் எருமை அம்மாள் வந்து கிழவரின் கையை உரிமையோடு கோத்துக்கொண்டாள்.

அந்த ஒரு மணி நேரத்தில் பாடியதையெல்லாம் நினைத்துப் பார்த்தான் நன்ஹே. எருமைக்கு அப்புறம் அவள் பல்லைப் பற்றியும் ஏதோ பாடியிருந்தான். எதை எப்போது பாடினான், அப்போது கிழவர் இருந்தாரா, ஒன்றும் பிடிபடவில்லை.

"என்ன அண்ணே, பாட்டு நின்னுபோச்சு? சாமி கோவிச்சுக்கப் போவுது" என்றான் ஜும்மன்.

நன்ஹே இப்போது வண்ணத்தை மட்டும் கூவினான். அதிலும் தாளில் வரி மாறிப்போயிற்று. ஜும்மனோ சொன்னதைச் செய்கிறவன். கம்பளத்தில் இருந்த மானுக்கு நீலத்தில் ஒரு வால் முளைத்தது.

கிழவர் விளக்கக்காரனிடம் ஏதோ கேட்டார். அவன் ஏழு விரலைக் காட்டினான். கிழவர் நன்ஹேயின் கைகளையே வெகுநேரம் பார்த்தார்.

பிறகு கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். எதிரே வந்து குனிந்தார். ஆக்ராவில் பிறந்தவர் பேசுவது போன்ற சுத்தமான இந்துஸ்தானியில், குரலை உயர்த்தாமல், கேட்டார்:

"உன் நம்பர்?"

யோசிக்க நேரம் இருந்திருந்தால் நன்ஹே செவிடாக நடித்திருப்பான். உடம்பு யோசிக்கவில்லை. மடியிலிருந்த தாள் கீழே விழ எழுந்து, குதிகால்களைச் சேர்த்து, உள்ளங்கைகளை விரித்துக் காட்டி, தரையைப் பார்த்து நின்றான்.

"நூத்திப் பன்னெண்டு, தொரை."

பக்கத்தில் ஜும்மன் எழுந்தான். "நூத்தி நாப்பது."

அடுத்து குயவன். அடுத்து பித்தளைக்காரன், கல்தச்சன், மிட்டாய்க்காரன். கூடத்தின் கோடி வரைக்கும் ஒன்பது கைவினைஞர்களும், ஜெயில் முற்றத்தில் சாயங்கால எண்ணிக்கைக்கு நிற்பது போலவே எழுந்து நின்று, அவரவர் எண்ணைச் சொல்லி முடித்தார்கள்.

கிழவரும் விரல்விட்டு எண்ணிவிட்டார். எத்தனை ஜெயிலைக் கட்டி மேய்த்தவரோ.

"ஒம்போது. சரி. உக்காருங்க."

ஒன்பது பேரும் உட்கார்ந்தார்கள்.

தான் செய்ததைக் கண்டு தானே மிரண்டவர் போலச் சுற்றிலும் பார்த்தார் கிழவர். விளக்கக்காரனிடம் வாயே திறக்காமல், மனைவியை இழுத்துக்கொண்டு வெளியேறினார்.

அப்புறம் கைதட்டல் எழுந்தது. இன்னொரு முறை, இன்னொரு முறை என்று பின்வரிசையிலிருந்து கேட்டார்கள்.

புகார் வரவில்லை. பாராட்டுக் கடிதம் வந்தது. மறுநாள் முதல், கண்காட்சி முடியும் வரை, தினமும் மூன்று மணிக்கு ஒன்பது பேரும் எழுந்து நின்று அந்தப் பிரார்த்தனையையும் பாட வேண்டும் என்று உத்தரவாயிற்று.