பெட்ரோல் முள்ளின் வாக்கு

ஞானமுத்துவின் பழைய கார், மகளின் கல்யாணக் காலையில் கிளம்ப மறுத்தது. மணப்பெண் எஸ்தர் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு அவள் சர்ச்சில் இருக்க வேண்டும்.

அவர் சாவியைத் திருப்பத் திருப்ப, இன்ஜின் உறுமி உறுமி அடங்கியது.

"எனக்கு மூச்சு வாங்குது. யார் மேல தப்பு?" என்றது பேட்டரி.

"என்கிட்ட சொட்டுப் பெட்ரோல் இல்ல," என்றது டேங்க்.

"பாதி இருக்கு," என்றது பெட்ரோல் முள். அது பாதியில் சிக்கிக்கொண்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. அதை வெளியே சொல்ல அதற்கு மனமில்லை.

"என் வயிறு எனக்குத் தெரியாதா?"

"நீ வண்டிக்கு அடியில கிடக்கிறவன். நான் எல்லார் கண்ணுக்கும் எதிர்ல இருக்கிறவன்."

பேட்டரி முள்ளை நம்பியது. ஞானமுத்துவும் முள்ளைத்தான் நம்பினார். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். ஒயர்களை இழுத்துப் பார்த்தார். புது வேட்டியெல்லாம் கிரீஸ் ஆனதுதான் மிச்சம்.

எஸ்தர் பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி, காரைப் பின்னாலிருந்து உலுக்கினாள்.

"அப்பா, உள்ள ஒண்ணும் தளும்பலையே!"

"பாதி காட்டுதேம்மா."

"அது காட்டட்டும்பா. நீங்க ஊத்துங்க."

பக்கத்து வீட்டு ஸ்கூட்டரிலிருந்து இரண்டு லிட்டர் பிடித்து ஊற்றினார்கள். நாலாவது முறை சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கார் சர்ச் வாசலில் போய் நின்றது.

"உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன்," என்று பேட்டரி டேங்கிடம் கூச்சத்தோடு சொன்னது.

டேங்க் பதில் சொல்வதற்குள் முள் முந்திக்கொண்டது. "பரவாயில்ல, விடு. வண்டியில பெட்ரோல் இருக்குன்னு நான் காலையிலிருந்தே சொல்லிக்கிட்டுத்தானே இருந்தேன்!"