வேணும்னேதான் அடிச்சேன்

"படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுடா" என்று சூப்பர்வைசர் மெமோவை மேசைமேல் விட்டெறிந்தார்.

அட்டைப்பெட்டி மெஷின் ஆபரேட்டர் ஒரு வார்த்தைமேல் விரலை வைத்தான். "இந்த 'டெலிபரேட்லி'ன்னா என்ன சார்?"

"தெரிஞ்சே, வேணும்னே செய்யறது. கடப்பாரையால மெஷினை அடிச்சு நொறுக்கினியே, அதுக்கு வேற என்னன்னு எழுதறது?"

"சுவிட்சை அமுக்கிப் பார்த்தேன், நிக்கலை. வயரைக் கழட்டி விட்டது யாரு?"

"நான்தான். சும்மா சும்மா மெஷினை நிறுத்தறீங்கன்னு கழட்டினேன். உனக்கென்ன வந்துச்சு? கைதவறிப் பட்டுடுச்சுன்னு மன்னிப்பு எழுதிக் கொடு. இல்லேன்னா வேலையை விட்டுட்டு நடையைக் கட்டு."

"கையெல்லாம் தவறலை. வேணும்னேதான் அடிச்சேன். அந்த வார்த்தை அப்படியே இருக்கட்டும்."

"எவ்வளவு திமிருடா உனக்கு!"

ஆபரேட்டர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினான். "இப்ப நீங்க போடுங்க."

சூப்பர்வைசர் பேனாவை இடது கையில் வாங்கினார். எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது.

முந்தாநாள் மெஷின் உருளைக்குள் மாட்டிக்கொண்ட அவருடைய வலது கை, கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஐந்து விரலும் பத்திரமாக இருந்தன.